சிகாகோ செல்லாத சேதுபதி

சுவாமி விவேகானந்தர் சிகாகோவில் பேசினார் என்பதை நம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் சொல்லுவார்கள். அவரை அங்கே போகும்படி முதன்முதலில் வற்புறுத்தியவர் நம் இராமநாதபுரத்துக்காரர் என்பதையோ நம்மில் பலர் அறியோம். அவர்தாம் சேதுநாட்டின் மன்னர் பாஸ்கர சேதுபதி. முப்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்த அவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினோம். அவர் வரலாற்றை எழுத வேண்டுமானால் அவர் கண்ணால் காணாத அமெரிக்கப் பொருட்காட்சி ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே தோழியரே, சிறிது தூரம் கடல் கடந்து போய்த் திரும்புவோம்; பொறுத்தருள்க.

சேதுபதி என்றால் சேதுவுக்குத் தலைவர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்கு வழிக்காவலும் கடல் துறைக்குக் காவலும் இவர்கள் குலத்தின் பொறுப்பு. ஒரு காலத்தில் படையும் கோட்டையும் கொண்டு சுதந்தரமாக ஆண்டவர்கள், 1803-ஆம் ஆண்டு முதல் கும்பினியாருக்குப் பேஷ்குஷ் கட்டும் ஜமீன்தார்கள் ஆனார்கள். மக்களோ அவர்களை மன்னர் என்றே அழைத்து வந்தனர். சேதுபதிகளின் அரண்மனையில் இராமலிங்க விலாசம் என்னும் பெரிய மண்டபம் உண்டு. அதன் சுவர்களில் உள்ள வண்ண ஓவியங்களை நம் பள்ளிச் சுற்றுலாக்களில் கண்டு வியந்திருக்கிறோம்.

கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளாகிய நமக்கு இக்குலத்தின் பெயர் வேறொரு வகையிலும் பழக்கமானதே. கிழவன் சேதுபதியின் ஆட்சியில், 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், ஓரியூர் மணல்மேட்டில் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சியாக மரித்தார். அதற்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-இல், உலகத்துச் சமயங்கள் எல்லாம் ஒரே மேடையில் அமர்ந்து பேசிய பேரவைக்கு ஒருவரைப் போகத் தூண்டியவரும் ஒரு சேதுபதியே. காலம் செய்யும் மாற்றங்களை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

பாஸ்கர சேதுபதி 1868-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் பிறந்தார். அவருக்கு ஏறத்தாழ ஐந்து வயதாகும்போது, 1873-இல், தந்தையார் முத்துராமலிங்க சேதுபதி காலமானார். வாரிசு சிறுபிள்ளையாக இருந்தால் ஜமீனைக் கோர்ட் ஆஃப் வார்டு என்னும் அரசாங்க நிர்வாகம் மேற்கொள்வது அக்கால வழக்கம். அவ்வாறே இராமநாதபுரம் ஜமீனும் அதன் கைக்குச் சென்றது. இளவரசரையும் அவர் தம்பி தினகரையும் சென்னையில் வைத்து, ஆங்கில ஆசிரியர்களைக் கொண்டு கல்வி கற்பித்தார்கள். தந்தையை இழந்து, ஊரை விட்டுத் தூரத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளை, ஆங்கிலத்தில் சிறந்த புலமை பெற்றதோடு தமிழையும் மறக்கவில்லை. 1889-ஆம் ஆண்டு, இருபது வயதில், ஜமீனைத் தம் கையில் ஏற்றுக்கொண்டார்.

வானம் பார்த்த பூமி நம்முடையது. கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லையேல் பனங்கிழங்கு. இப்படிப்பட்ட நாட்டின் வருமானம் எவ்வளவு இருக்கும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இளம் மன்னர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சுபாவம் உள்ளவர் அல்லர். நவராத்திரி வந்தால் இராமநாதபுரம் அரண்மனைக்குப் புலவர்களும் பாடகர்களும் திரண்டு வருவார்கள். பூச்சி சீனிவாச ஐயங்கார் என்று சங்கீத உலகம் போற்றும் வித்துவான் சேது சமஸ்தானத்தில் ஆதரவு பெற்றவர். ரா. இராகவையங்கார் சமஸ்தானப் புலவராக விளங்கினார். வந்தவர் எவரும் வெறுங்கையோடு போகவில்லை. பெட்டகம்தான் வெறுமை ஆகத் தொடங்கிற்று.

இந்நிலையில், 1892-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, தென்னாட்டு யாத்திரையில் இருந்த ஓர் இளந்துறவியை மன்னர் சந்தித்தார். துறவியின் கையில் பணம் கிடையாது. பெயரும் அப்போது உலகறிந்ததன்று. அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது, மன்னருக்கு இருபத்துநான்கு. ஏழைகளின் நிலை, மக்களின் கல்வி ஆகியவை பற்றி இருவரும் நெடுநேரம் உரையாடினார்கள். அமெரிக்காவில் நடக்கவிருக்கும் சர்வ சமயப் பேரவைக்குச் சுவாமிகள் செல்ல வேண்டும் என்று மன்னர் வற்புறுத்தினார், உதவுவதாகவும் வாக்களித்தார். அப்பேரவைக்கு வருமாறு மன்னருக்கே அழைப்பு வந்திருந்தது என்றும், தம்மைவிடத் தகுந்தவர் இவரே என்று அவர் ஒதுங்கிக்கொண்டார் என்றும் நம் ஊரில் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். எப்படியாயினும், சிகாகோ செல்லும் எண்ணத்தைத் தம் மனத்தில் முதலில் விதைத்தவர் சேதுபதியே என்று பின்னாளில் பாம்பன் வரவேற்பில் சுவாமிகள் தம் வாயாலேயே சொல்லிவிட்டார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்னும் பள்ளி ஆசிரியர் தம் நண்பர்களோடு வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார். இராஜபுதனத்துக் கேத்ரி மன்னரும் உதவினார். 1893-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சுவாமிகள் பம்பாயில் கப்பல் ஏறினார்.

இனி அந்தப் பொருட்காட்சியைச் சற்றுப் பார்ப்போம். கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கக் கரையைக் கண்டதன் நானூறாம் ஆண்டைக் கொண்டாடவே அது நடத்தப்பட்டது. வேலை முடியத் தாமதமாகி, ஓராண்டு பிந்தி 1893 மே 1-ஆம் நாள் திறந்தார்கள். சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் ஏறக்குறைய 690 ஏக்கர் பரப்பில், வெள்ளை வெளேரென்ற மாளிகைகளைக் கட்டி, அதற்கு வெள்ளை நகரம் என்றே பெயரிட்டார்கள். (அவை சலவைக்கல் அல்ல, சாந்துப் பூச்சு! பொருட்காட்சி முடிந்த மறு ஆண்டே பெரும்பகுதி தீக்கிரையாயிற்று.) இரவில் மின்விளக்குகள் எரிந்தன. வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கே வைத்திருந்த அமெரிக்கர்கள்கூட அதைக் கண்டு வாய் பிளந்து நின்றார்களாம். ஆறு மாதத்தில் 2 கோடியே 70 லட்சம் பேருக்குமேல் வந்து சென்றதாகக் கணக்கு. அந்நாட்டின் மக்கள் தொகையே அன்று ஆறே கால் கோடி அளவுதான்.

பாரிஸ் நகரம் 1889-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கு ஈபிள் கோபுரத்தைக் கட்டியது. அதற்குப் போட்டியாக ஏதேனும் செய்ய வேண்டுமே என்று ஜார்ஜ் பெரிஸ் என்னும் பொறியாளர் ஒரு ராட்டினம் செய்தார். நம் திருவிழாக்களில் நாலு பெட்டி வைத்துக் கையால் சுற்றுவார்களே, அந்த ராட்டினம்தான். ஆனால் உயரம் 264 அடி, பெட்டிகள் 36, ஒவ்வொரு பெட்டியிலும் 60 பேர்! ஒரே சமயத்தில் 2,160 பேர் ஆகாயத்தில் சுற்றினார்கள். கட்டணம் ஐம்பது சென்ட். அதே ராட்டினத்தைப் பிறகு கழற்றி எடுத்துச் சென்று 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியிலும் சுற்றவிட்டார்கள்.

மாணவியராகிய நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. அங்கே மகளிருக்கென்று தனி மாளிகை இருந்தது. அதை வரைந்தவர் சோபியா ஹேடன் என்னும் பெண். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1890-இல் கட்டடக் கலைப் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. வரைபடம் தரும்போது அவர் வயது இருபதுகளின் தொடக்கம். கொலம்பஸ் தங்கியிருந்த லா ராபிதா மடத்தைப் போலவே ஒரு கட்டடமும் அங்கே எழுப்பப்பட்டிருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளின் வேலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தன. நம் கையெழுத்து நோட்டும் தையல் வேலையும் உலகப் பொருட்காட்சிக்குப் போவதாக எண்ணிப் பாருங்கள்!

வெள்ளை நகரத்தில் எல்லாருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. நாட்டின் கறுப்பின மக்களுக்கு அதன் நிர்வாகத்திலும் வேலைகளிலும் காட்சிகளிலும் உரிய இடம் தரப்படவில்லை. ஐடா வெல்ஸ் என்னும் இளம் பெண், கறுப்பின அமெரிக்கர் ஏன் இங்கே இல்லை என்று கேட்டு ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்கு வழங்கினார். அடிமையாய்ப் பிறந்து தலைவராய் உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ் அவருக்குத் துணை நின்றார். டக்ளசும் தம் சொந்த நாட்டின் சார்பில் அங்கு அமரவில்லை. ஹெய்டி என்னும் தீவு நாட்டின் மண்டபத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

இத்தகைய ஊருக்குச் சுவாமிகள் ஜூலை மாத இறுதியில் போய்ச் சேர்ந்தார். பேரவை செப்டம்பரில்தான் என்பதும், அறிமுகச் சான்று இல்லாதவரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதும் அங்கே போன பிறகே தெரிந்தது. கையில் இருந்த பணம் தண்ணீராய்க் கரைந்தது. செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் சென்றார். ரயிலில் அறிமுகமான கேட் சான்பார்ன் என்னும் பெண்மணி தம் வீட்டில் தங்க இடம் தந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அறிமுகக் கடிதம் தந்தார். அக்கடிதத்தோடு சிகாகோ திரும்பியவர் வழி தெரியாமல் ரயில் நிலையத்துச் சரக்குப் பகுதியில் இரவைக் கழித்து, காலையில் வீடு வீடாய் வழி கேட்டுத் துரத்தப்பட்டு, சோர்ந்து தெருவோரம் அமர்ந்தபோது, எதிர் வீட்டிலிருந்து இறங்கி வந்து உணவளித்தவர் ஹேல் அம்மையார். அந்நாட்டுப் பெண்களின் கல்வியையும் துணிவையும் பரிவையும் அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பலமுறை புகழ்ந்தார். மாசசூசெட்ஸில் பெண் கைதிகளைத் திருத்தும் இல்லம் ஒன்றைப் பார்த்தார். குற்றம் செய்தவர்களையும் அங்கே அன்பாக நடத்துவதைக் கண்டபோது, குற்றம் ஏதும் செய்யாத நம் நாட்டு ஏழைகளை நாம் நடத்தும் விதம் அவர் நெஞ்சை வருத்தியது.

செப்டம்பர் 11-ஆம் நாள் பேரவை தொடங்கியது. தொடக்க ஜெபத்தைச் சொல்லி வழிநடத்தியவர் பால்டிமோர் பேராயர் கர்தினால் கிப்பன்ஸ். கொழும்பிலிருந்து பௌத்தர் சார்பில் அநகாரிக தர்மபாலா, சமணர் சார்பில் வீர்சந்த் காந்தி என்று நம் பக்கத்தவர் வேறு சிலரும் இருந்தனர். சுவாமிகள் அவையோரை உடன்பிறந்தாராய் விளித்ததும் மண்டபம் எழுந்து கைதட்டியது. பிறகு நடந்தது உலகறிந்தது. நாம் விரிக்க வேண்டியதில்லை.

இவை எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நம் மன்னரின் நிலை என்ன? ஊரில் கடன் ஏறிக்கொண்டிருந்தது. 1890-களின் நடுவில் ஜமீன் பொறுப்பு அவர் கையை விட்டு, சிறுவனாயிருந்த மூத்த மகனின் நலனுக்காக அறங்காவலர் வசம் செல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஐந்து வயதில் கோர்ட் ஆஃப் வார்டின் கையில் இருந்த ஜமீனை இருபது வயதில் பெற்றவர், முப்பது ஆகுமுன் மீண்டும் பிறர் பொறுப்பில் காண நேர்ந்தது. கொடை நல்லதுதான். ஆயினும் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருந்த குடியானவர்களின் வரிப்பணம் அது என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இதை எழுத எங்களுக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் இதை விட்டுவிட்டால் வரலாறு ஆகாது.

1897-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் சுவாமிகள் கொழும்பில் இறங்கினார். அங்கிருந்து அனுராதபுரம், யாழ்ப்பாணம் வழியாக வந்து கடலைக் கடந்து, 26-ஆம் நாள் பாம்பனை அடைந்தார். அன்று பாம்பனுக்குப் பாலம் கிடையாது; படகே வழி. மன்னர் அரசப் படகில் சென்று எதிர்கொண்டு, சுவாமிகளின் அடியில் வீழ்ந்து வணங்கினார். கரையில் வரவேற்பு முடிந்ததும் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே இழுத்தார்கள். மன்னரும் அவர்களோடு சேர்ந்து இழுத்தார். இருபத்தெட்டு வயது ராஜா, முத்துமாலையும் சரிகையும் ஒருபுறம் இருக்க, மீனவரோடும் சுமைகாரரோடும் தோள் கொடுத்து வண்டி இழுத்த காட்சியைப் பாம்பன் அதற்கு முன் கண்டிருக்காது. சுவாமிகள் இறங்கிய இடத்தில் நாற்பது அடி உயர நினைவுத்தூண் ஒன்றையும் மன்னர் எழுப்பினார். குந்துகாலில் இன்று நாம் காணும் விவேகானந்தர் மண்டபம் பிற்காலத்தில் கட்டப்பட்டது.

மறுநாள் இராமேசுவரம் கோயிலில் சுவாமிகள் உரையாற்றினார். ஏழையிடமும் நோயாளியிடமும் இறைவனைக் காணாமல் சிலையில் மட்டும் காண்பவனுடைய வழிபாடு வெறும் தொடக்க நிலையே என்பது அவ்வுரையின் கருத்து. சிறிய சகோதரர்களுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்கும் ஆண்டவரைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வளர்ந்த நமக்கு அக்கருத்து அந்நியமாகத் தோன்றவில்லை. உரை முடிந்ததும் மன்னர் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கினார். பிறகு இராமநாதபுரத்தில் தீவட்டிகளும் வாணவேடிக்கையும் வாத்தியங்களுமாக வரவேற்பு நடந்தது. இந்த வருகையின் நினைவாகச் சென்னைப் பஞ்ச நிவாரண நிதிக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டலாம் என்று மன்னர் யோசனை கூறினார். சுவாமிகள் அவருக்கு ராஜரிஷி என்னும் பட்டத்தை அளித்தார்.

அதே 1897-ஆம் ஆண்டு மே மாதம். கமுதியில் சேதுபதிகளின் பரம்பரை நிர்வாகத்தில் இருந்த மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் சென்று வழிபட்டார்கள். வழிபடும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கைத் தொடுத்தவர் பாஸ்கர சேதுபதி. ஜனவரியில் வண்டி இழுத்த அதே கைகளே அந்த வழக்கிலும் ஒப்பமிட்டன என்பதைப் படித்தபோது நாங்கள் திகைத்துப் போனோம். பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் அவருக்கு நிர்ப்பந்தங்கள் இருந்திருக்கலாம். அக்காலத்து உயர்ந்தோர் பலரும் அவ்வாறே எண்ணினர் என்பதும் உண்மை. எனினும் சிகாகோவில் ஐடா வெல்ஸ் கேட்ட கேள்வி கமுதிக் கோபுர வாசலிலும் கேட்கப்பட்டிருக்கிறது. அதற்கு மன்னர் அளித்த பதில் இராமேசுவரத்தில் அவர் கேட்ட உரைக்குப் பொருந்துவதாக எங்களுக்குத் தோன்றவில்லை. வழக்கு மேல்முறையீடாகி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார் மக்களுக்கு எதிராகவே முடிந்தது. அதற்கு முன்பே மன்னர் மறைந்துவிட்டார். கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய கடைசி ஆண்டுகளில் தமிழுக்குக் கிடைத்த கொடை பெரியது. அவருடைய உறவினரும் பாலவநத்தம் ஜமீன்தாருமான பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மன்னர் அதற்குப் பெருந்துணையாக நின்றார். பழைய ஏடுகளைத் தேடிச் சேர்ப்பது, அச்சிடுவது, புலவர் தேர்வுகள் நடத்துவது எனச் சங்கம் வளர்ந்தது. செந்தமிழ் என்னும் இதழும் வெளிவந்தது. சேதுபதி பெயர் தாங்கிய மதுரை உயர்நிலைப் பள்ளியில்தான் 1904-இல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். கடனில் மூழ்கிய ஒருவரின் பெயரால் இத்தனை தமிழ்ப் பணி நடந்தது.

சுவாமிகள் 1902 ஜூலை 4-இல் மறைந்தார். மன்னரும் நெடுநாள் இருக்கவில்லை. 1903 டிசம்பர் 27-ஆம் நாள் காலமானார். அவருக்குப் பின் மூத்த மகன் இராஜராஜேசுவர சேதுபதி பட்டத்துக்கு வந்தார்.

பாம்பன் கால்வாயில் பாலம் கட்டி, 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் ரயில் விட்டார்கள். மன்னர் படகில் காத்திருந்த அந்தக் கடலின் மீதே வண்டி ஓடியது. கப்பல் வரும்போது இரு கைகளைப் போலத் தூக்கி வழிவிடும் அதன் நடுப்பகுதிக்கு ஷெர்சர் தூக்கு என்று பெயர். 2022 டிசம்பர் வரை அதன்மேல் ரயில் ஓடியது. இப்போது 2025-இல் திறந்த புதுப்பாலத்தில் செல்கிறோம். அந்தத் தூக்கு அமைப்பைக் கண்டுபிடித்த வில்லியம் ஷெர்சர் என்பவர் 1893-ஆம் ஆண்டு, பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த கோடையில் காலமான ஒரு பொறியாளர். அவருடைய ஊர் சிகாகோ.